லாண்ட்ராட்னா ஜெர்மன் கலெக்டரா? பெத்மான் ஹோல்வெக் பத்து வருஷம் அந்த நாற்காலில உக்காந்து என்ன பண்ணாரு?

நீங்க கேட்டது இதுதான்: முதல் உலகப்போர் ஆரம்பிச்சப்ப ஜெர்மனிக்கு சான்சலரா இருந்த தியோபால்ட் ஃபான் பெத்மான் ஹோல்வெக், அதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஏதோ ஒரு சின்ன மாவட்டத்துல அதிகாரியா இருந்தாருன்னு படிச்சேன், அது நம்ம கலெக்டர் வேலை மாதிரியா, அங்கேருந்து எப்படி உச்சிக்குப் போனாருன்னு. மேலாக்க பார்த்தா இது பதவி பத்தின கேள்வி. ஆனா நீங்க உள்ளுக்குள்ள கேக்கறது, அந்த மாவட்ட வேலைதான் அந்த மனுஷனை உருவாக்குச்சா, இல்ல பெரிய வீட்டுப் பையனுக்கு அது வெறும் படிக்கட்டாங்கறதுதான்னு நினைக்கிறேன். அதுக்கு பதில் சொல்லப் பார்க்கறேன். நான் படிச்சது ப்ரஷ்ய நிர்வாக வரலாறு (ப்ரஷ்யான்னா அன்னைக்கு ஜெர்மனிலேயே பெரிய ராஜ்யம், 1871-லேருந்து அதோட ராஜாதான் மொத்த ஜெர்மனிக்கும் பேரரசர், அதாவது கைசர்), போட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்துல உக்காந்து பழைய ஃபைல் படிக்கறதுதான் பல வருஷமா என் பொழப்பு, அதனால ப்ரஷ்யா பத்தி கொஞ்சம் தைரியமா பேசுவேன். பவேரியா பக்கம் எனக்குப் பழக்கம் கம்மி, அங்க 1939 வரைக்கும் இந்தப் பதவிக்கு பேரே வேற, அதனால நான் சொல்றதை அங்க அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீங்க.

முதல்ல அந்தப் பதவி. லாண்ட்ராட்னு பேரு. 1815-க்கு அப்புறம் ப்ரஷ்யாவை மாகாணம் மாகாணமா பிரிச்சு, ஒவ்வொரு மாகாணத்துக்குள்ளயும் சில நிர்வாகப் பகுதிகள், அதுக்கும் கீழ க்ரைஸ்னு ஒரு அலகு வச்சாங்க. மாகாணத்துக்கு ஓபர்ப்ரெசிடென்ட், நடுவுல ரெகீருங்ஸ்ப்ரெசிடென்ட், க்ரைஸுக்கு லாண்ட்ராட். க்ரைஸை நாம மாவட்டம்னு மொழிபெயர்க்கறோம், ஆனா பரப்புல நம்ம மாவட்டத்தை விட ரொம்பச் சின்னது, பெரிய தாலுகான்னு நினைச்சுக்கோங்க. இந்த இடத்துலதான் கலெக்டர் உவமை பாதி சரி, பாதி தப்பு. அரசாங்கத்தோட கடைசிக் கை அவருதான், மேல இருந்து வர்ற எந்த உத்தரவும் அவரு மேஜையைத் தாண்டித்தான் கிராமத்துக்குப் போகும், அது வரைக்கும் சரி. ஆனா நம்ம கலெக்டர் வெளியூர்லேருந்து வருவாரு, ரெண்டு மூணு வருஷத்துல மாத்திடுவாங்க. ப்ரஷ்யாவோட கிழக்குப் பகுதில லாண்ட்ராட் பெரும்பாலும் அந்த ஊர் ஆளு, அங்கேயே நிலம் வச்சிருக்கவரு. யாரைப் போடலாம்னு க்ரைஸ் சபையே பேரு சொல்லலாம், ராஜா கையெழுத்துப் போடுவாரு. போட்டுட்டா இருபது வருஷம் கூட அதே நாற்காலில இருப்பாரு. சம்பளம் ராஜாகிட்டேருந்து, சொந்தபந்தம் எல்லாம் பக்கத்து பண்ணை வீட்டுல. யாரு ஆளு இவருன்னு கேட்டா ரெண்டு பக்கமும் "எங்க ஆளு"ன்னு சொல்லும், சண்டை வந்தா ரெண்டு பக்கமும் "அவங்க ஆளு"ன்னு சொல்லும்.

1872 டிசம்பர்ல வந்த க்ரைஸ் சட்டம் இதுல பெரிய மாற்றம். அதுக்கு முன்னாடி கிழக்கு மாகாணங்கள்ல பண்ணையார்தான் தன் எல்லைக்குள்ள போலீஸ் அதிகாரமும் வச்சிருந்தாரு. அதை எடுத்துட்டு, தேர்தல்ல வர்ற க்ரைஸ் சபை, அந்த சபை தேர்ந்தெடுக்கற ஆறு பேர் கமிட்டி, கமிட்டிக்கு லாண்ட்ராட் தலைவர்னு ஆக்கினாங்க. மேல்சபைல இருந்த பண்ணையாருங்க முதல்ல இதைத் தோக்கடிச்சுட்டாங்க, அப்புறம் ராஜா புதுசா 25 உறுப்பினர்களை நியமிச்சு அந்த சபைக்குள்ள இறக்கிதான் சட்டத்தை நிறைவேத்த முடிஞ்சுது. இதுக்கு அப்புறம் லாண்ட்ராட் வெறும் உத்தரவு போடறவரா மட்டும் இருக்க முடியல, ஒரு மேஜையைச் சுத்தி ஆறு பேரை உக்கார வச்சு, ரோடு போட காசு எங்கேருந்து, மருத்துவமனைக்கு எவ்வளவுன்னு பேசி ஒத்துக்க வைக்கணும். பெத்மானைப் புரிஞ்சுக்க இந்த மேஜையை ஞாபகம் வச்சுக்கோங்க.

வேலை என்னன்னா, என்னதான் இல்லைன்னு கேக்கறதுதான் சுலபம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கற கமிட்டில ராணுவ அதிகாரி பக்கத்துல இவரு உக்காரணும், வருமான வரி மதிப்பீடு பண்ற கமிட்டிக்கும் இவருதான் தலைவர், ஜென்டார்ம்னு சொல்ற குதிரைப் போலீஸ் இவருக்கு தகவல் சொல்லணும், மாட்டுக்கு கோமாரி வந்தா தொழுவத்தை மூடச் சொல்லி உத்தரவு, க்ரைஸ் ரோடு, சேமிப்பு வங்கி, இதெல்லாம் போக அரசாங்க அறிவிப்பு போடற க்ரைஸ்ப்ளாட்னு ஒரு பத்திரிகை. அந்தப் பத்திரிகைல பன்றிக் காய்ச்சல் அறிவிப்புக்குப் பக்கத்துலயே, இந்தத் தேர்தல்ல நல்ல குடிமகன் யாருக்கு ஓட்டுப் போடுவான்னு ஜாடையா ஒரு கட்டுரையும் வரும், அது தனிக் கதை.

இந்த ஃபைல்களை கையில எடுத்தா ஒரு விஷயம் தெரியும், புத்தகத்துல படிச்சா தெரியாது. காகிதத்தை நெடுக்குல ரெண்டா மடிச்சிருப்பாங்க, வலது பாதில மட்டும் எழுத்து, இடது பாதி காலி, மேலதிகாரி குறிப்பு எழுத. மொத்தக் கட்டையும் நூலால தைச்சிருப்பாங்க, தையல் பக்கம் போற எழுத்தைப் படிக்க கழுத்தைச் சாய்ச்சு எட்டிப் பார்க்கணும், பழைய குர்ரென்ட் கையெழுத்து வேற, முதல் மாசம் எனக்கு ஒரு பக்கம் படிக்க அரை நாள் ஆச்சு. அப்படிப் படிக்கும்போது கவனிச்சா பல ஃபைல்ல முழு வரைவும் ஒரே கையெழுத்துல இருக்கும், அது க்ரைஸ் செயலாளர், பல பேரு பழைய ராணுவ ஆளுங்க, பன்னெண்டு வருஷம் சேவை முடிச்சுட்டு அரசாங்க வேலைக்கு வந்தவங்க. லாண்ட்ராட் கடைசில ஒரு சுருக்கக் கையெழுத்து, சில நேரம் ஒரு வரி. அதனால "லாண்ட்ராட் எழுதினார்"னு யாராவது மேற்கோள் காட்டினா நான் முதல்ல கேக்கறது எழுதினது எந்தக் கைன்னுதான். ஆபீஸ் ஓடினது செயலாளரால, லாண்ட்ராட் வேலை ஆபீசுக்கு வெளியதான் இருந்துச்சு, வண்டில, குதிரைல, யார் வீட்டு சாப்பாட்டு மேஜைலயாவது.

இப்ப நம்ம ஆளுக்கு வருவோம். 1856 நவம்பர் 29, ஹோஹன்ஃபினோங்கற கிராமத்துல பிறந்தாரு, பெர்லினுக்கு வடகிழக்குல, ஓடர் ஆத்துப் பக்கம். பேரைக் கேட்டா பழைய பிரபு வம்சம் மாதிரி இருக்கும், அது இல்ல, பெத்மான்னா ஃப்ராங்ஃபர்ட் வங்கிக் குடும்பம். தாத்தா சட்டப் பேராசிரியரா இருந்து ப்ரஷ்யாவுல அமைச்சர் ஆனவரு, 1840-லதான் பிரபு பட்டமே வந்துச்சு. அப்பா ஃபீலிக்ஸ் பண்ணையை வாங்கி அங்க குடியேறினாரு, அவரும் அதே ஓபர்பார்னிம் க்ரைஸோட லாண்ட்ராட். அம்மா ஃப்ரெஞ்சு பேசற சுவிஸ் குடும்பத்துப் பொண்ணு. சுத்தி இருந்த பரம்பரை யுங்கர் பண்ணையார்கள் கண்ணுக்கு இவங்க கொஞ்சம் புதுப் பணக்காரங்கதான். பையன் ஷுல்ப்ஃபோர்ட்டா பள்ளியில கிரேக்கம் லத்தீன்னு ஊறி, ஸ்ட்ராஸ்பூர்க், லைப்ஸிக், பெர்லின்னு சட்டம் படிச்சு, அரசுப் பயிற்சி, பரீட்சை எல்லாம் முடிச்சு 1886-ல அப்பாவுக்கு அப்புறம் அதே நாற்காலில உக்காந்தாரு. வயசு 29. வாரிசு நியமனமான்னு கேட்டா ஆமா, ஆனா பரீட்சையும் ஒழுங்கா எழுதி வந்த வாரிசு. இன்னொன்னும் உண்டு, பின்னாடி கைசர் ஆன ரெண்டாம் வில்ஹெல்ம் இளவரசரா இருந்தப்ப 1877-ல ஹோஹன்ஃபினோ காட்டுலதான் தன்னோட முதல் மானைச் சுட்டாரு. அந்த அறிமுகம் கெடுதல் பண்ணியிருக்காது, ஆனா அது ஒண்ணாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல, அந்தக் காட்டுல வேட்டையாடின எத்தனையோ பேரு வீட்டுப் பிள்ளைங்க யாரும் சான்சலர் ஆகல.

ஓபர்பார்னிம் எப்படிப்பட்ட ஊருன்னா, தலைநகரு ஃப்ரையன்வால்டெ, சின்ன குளியல் ஊரு. ஒரு பக்கம் மேட்டு நிலத்துல பெரிய பண்ணைகள், கூலி ஆளுங்க. இன்னொரு பக்கம் ஓடர்ப்ரூக், ப்ரஷ்ய ராஜா ரெண்டாம் ஃப்ரெட்ரிக் காலத்துல 1747-லேருந்து ஆறேழு வருஷம் கரை கட்டி தண்ணியை வடிச்சு எடுத்த தாழ்ந்த வண்டல் பூமி, அங்க குடியேத்தின விவசாயிங்க. ஏபர்ஸ்வால்டெ பக்கம் ஃபினோ கால்வாய் ஓரமா உலோகத் தொழிற்சாலைகள், அதுல வேலை செய்யற தொழிலாளிங்க, அவங்க ஓட்டு மெல்ல மெல்ல சோஷியல் டெமாக்ரட்ங்கற இடதுசாரித் தொழிலாளர் கட்சி பக்கம் போயிட்டிருந்த நேரம். ஒரே க்ரைஸுக்குள்ள மூணு உலகம். இதுல அப்பா காலத்து லாண்ட்ராட் மாதிரி அதட்டி உருட்டி நடத்தறது பெத்மானுக்கு வரல. சின்னச் சின்ன கிராமத்துக்கெல்லாம் நேர்ல போவாரு, பண்ணையார் வீட்டுல மட்டும் காபி குடிச்சுட்டுத் திரும்பாம கூலி ஆளுங்ககிட்டயும் பேசுவாருங்கறது அவரு வாழ்க்கையை எழுதினவங்க பல பேரு சொல்றது. ஆனா இதைக் கேட்டுட்டு அவரு ஏதோ ஏழைப் பங்காளர்னு முடிவு பண்ணிடாதீங்க, அவரும் பண்ணை முதலாளிதான், 1889-ல கட்டிக்கிட்ட மார்த்தாவும் அதே க்ரைஸ்ல வில்கென்டார்ஃப் பண்ணைல இருந்த ஃபான் ப்ஃபூல் குடும்பத்துப் பொண்ணு.

ஒரு சறுக்கலும் உண்டு. 1890-ல ரைஷ்டாக், அதாவது ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தல்ல சொந்தத் தொகுதிலயே நின்னு நூலிழைல ஜெயிச்சாரு. தேர்தல் செல்லாதுன்னு ஆட்சேபம் வந்துச்சு, அவரு உறுப்பினர் பதவியை விட்டுட்டாரு. லாண்ட்ராட் தேர்தல்ல நிக்கறதே இன்னைக்கு நமக்கு வினோதமா இருக்கு, தேர்தல் நடத்தற இயந்திரமே அவரு கையில இருக்கும்போது. ஆனா அன்னைக்கு அது தினசரி வழக்கம். 1882-லேயே அரச ஆணை வந்துடுச்சு, அரசியல் அதிகாரிகள் தேர்தல்ல அரசாங்கக் கொள்கைக்கு ஆதரவா இருக்கணும்னு. அதுக்கு அப்புறம் அவரு கட்சி அரசியல் பக்கம் திரும்பவே இல்ல, பின்னாடி சான்சலரா இருந்தப்பவும் எந்தக் கட்சிக்காரனும் இல்லாம நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும், இது என் ஊகம்தான், ஃபைல் ஆதாரம் கேட்டா காட்ட முடியாது.

ப்ரஷ்யாவுல லாண்ட்ராட்ங்கறது "அரசியல் அதிகாரி", 1852 சட்டப்படி காரணமே சொல்லாம ஓய்வுல அனுப்பலாம். இது வெறும் பேச்சு இல்லைன்னு 1899-ல தெரிஞ்சுது. கைசர் ஆசைப்பட்ட மிட்டல்லாண்ட் கால்வாய்த் திட்டம், மேற்கையும் கிழக்கையும் இணைக்கற கால்வாய், மலிவு தானியம் உள்ள வந்துடும்னு பண்ணையார்களுக்குப் பயம், சட்டசபைல உறுப்பினரா இருந்த லாண்ட்ராட்டுங்களே எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. ஓட்டுப் போட்ட 18 லாண்ட்ராட், 2 ரெகீருங்ஸ்ப்ரெசிடென்ட், மொத்தம் 20 பேரை ஒரே அடில வீட்டுக்கு அனுப்பினாங்க. வேடிக்கை என்னன்னா அதுல நிறைய பேரைக் கொஞ்ச வருஷத்துல திரும்பக் கூப்பிட்டு வேலை கொடுத்தாங்க, சில பேருக்கு பதவி உயர்வு கூட. ராஜாவுக்கு அவங்களை விட்டா ஆளு இல்ல, அவங்களுக்கு ராஜாவை விட்டா போக்கிடம் இல்ல.

பெத்மான் அதுக்குள்ள ஓபர்பார்னிமை விட்டுப் போயிட்டாரு. 1896-ல போட்ஸ்டாம் மாகாண ஆபீஸ், 1899-ல ப்ரோம்பெர்க்ல சில மாசம் ரெகீருங்ஸ்ப்ரெசிடென்ட், அதே வருஷம் ப்ராண்டன்பர்க் மாகாணத்துக்கே ஓபர்ப்ரெசிடென்ட், 1905-ல ப்ரஷ்ய உள்துறை அமைச்சர், 1907-ல பேரரசோட உள்துறை, 1909 ஜூலைல சான்சலர். பார்த்தீங்கன்னா வெளியுறவு, ராணுவம் ரெண்டும் இந்த வரிசைல எங்கயும் இல்ல. முழுக்க முழுக்க உள்நாட்டு நிர்வாகம். போருக்குள்ள நாட்டைக் கொண்டுபோன சான்சலருக்கு வெளியுறவுல அனுபவமே கிடையாதுங்கறது உறுதியான விஷயம், இதுல யாருக்கும் வழக்கு இல்ல.

அப்ப க்ரைஸ் மேஜை அவரை உருவாக்குச்சா? சான்சலரா அவரு பண்ண அரசியலுக்கு "மூலைவிட்ட அரசியல்"னு பேரு வந்துச்சு, வலதும் இல்ல இடதும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல சாய்வா ஒரு கோடு. ஆறு பேர் கமிட்டியை ஒத்துக்க வைக்கற அதே பழக்கம்னு எனக்குப் படுது. அது எங்க வேலை செஞ்சுது, எங்க உடைஞ்சுதுன்னு பார்க்க 1913 ட்ஸாபர்ன் விவகாரம் போதும். அப்ப ஜெர்மனி கையில இருந்த அல்ஸாஸ்ல ஒரு சின்ன ஊரு, ஒரு இளம் லெப்டினன்ட் உள்ளூர் மக்களைக் கேவலமாப் பேசினான், ஊரு கொதிச்சுது, ரெஜிமென்ட் கர்னல் சிவில் அதிகாரிகளைக் கேக்காம தெருவுல போறவங்களைப் பிடிச்சு அடைச்சாரு, அதுல நீதிமன்ற ஆளுங்களும் மாட்டினாங்க. அந்த ஊர்ல லாண்ட்ராட்டுக்குச் சமமான பதவிக்கு க்ரைஸ் டைரக்டர்னு பேரு, அவரோட அதிகாரத்தைத்தான் ராணுவம் மிதிச்சது. பத்து வருஷம் அதே வேலை பார்த்த மனுஷன் சான்சலரா இருக்காரு, அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ரைஷ்டாக்ல எழுந்து ராஜாவோட கோட்டுக்கு, அதாவது ராணுவச் சீருடைக்கு, எப்படியும் மரியாதை இருக்கணும்னு ராணுவத்தைக் காப்பாத்திப் பேசினாரு. 1913 டிசம்பர் 4-ல 293-க்கு 54 ஓட்டுல சபை அவரைக் கண்டிச்சுது. அவரு பதவி போகல, ஏன்னா சான்சலரை வைக்கறதும் எடுக்கறதும் கைசர்தான். திரைக்குப் பின்னாடி ரெஜிமென்டை ஊரை விட்டு மாத்தறது, சமாதானம் பண்றது எல்லாம் நடந்துச்சு. அப்படியே லாண்ட்ராட் பாணி, வெளில மேலிடத்துக்கு விசுவாசம், உள்ளுக்குள்ள சரிக்கட்டல். ஆனா க்ரைஸ்ல சரிக்கட்டினா பிரச்சனை முடிஞ்சுடும், ராணுவத்துக்கிட்ட சரிக்கட்டினா அடுத்த தடவை அது இன்னும் பெருசா வரும்.

அதே நாற்காலி எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கலைங்கறதுக்கு வோல்ஃப்காங் காப்னு ஒருத்தர் சாட்சி. அதே ப்ராண்டன்பர்க் மாகாணம், அதே 1890-கள், கூபென் க்ரைஸ்ல லாண்ட்ராட். 1916-ல பெத்மான் போரை மென்மையா நடத்தறாருன்னு திட்டி அறிக்கை விட்டாரு, பெத்மான் ரைஷ்டாக்ல பதிலடி கொடுக்க, காப் அவரை துப்பாக்கிச் சண்டைக்கே அழைச்சாரு. 1920-ல ராணுவக் கலகம் பண்ணி பெர்லின்ல சில நாள் ஆட்சியைப் பிடிச்சதும் அதே காப்தான். ஒரே பரீட்சை, ஒரே வேலை, ஒருத்தர் சமரசம், இன்னொருத்தர் கலகம்.

போர் வெடிக்கறதுக்கு முந்தின 1914 ஜூலை பத்தி நீங்க நிச்சயம் கேப்பீங்க. அவரு "இருட்டுல குதிக்கறோம்"னு சொன்னாருன்னு எல்லா இடத்துலயும் வரும், அது அவரோட உதவியாளர் குர்ட் ரீட்ஸ்லர் டைரிலேருந்து வர்றது. அந்த டைரி 1972-ல அச்சாச்சு, ஆனா 1914 ஜூலை, ஆகஸ்ட் பக்கங்கள் மட்டும் மத்த நோட்டு மாதிரி இல்லாம தனித் தாள்ல இருக்கு, பின்னாடி திருத்தி எழுதினதோன்னு 1983-லேருந்து வரலாற்றாளர்களுக்குள்ள பெரிய சண்டை. நான் அந்த வரியை உபயோகிக்கும்போது எப்பவும் கொஞ்சம் சந்தேகத்தோடதான் உபயோகிப்பேன். அந்த வருஷம் மே மாசம் மனைவி மார்த்தா இறந்தாங்க, டிசம்பர்ல மூத்த மகன் ஃப்ரீட்ரிஷ் கிழக்குப் போர்முனைல செத்தான், இது ரெண்டும் உறுதி.

1917 ஜூலைல ராணுவத் தலைமைல இருந்த ஹிண்டன்பர்க், லூடென்டார்ஃப் கொடுத்த நெருக்கடில பதவி போச்சு, நேரா ஹோஹன்ஃபினோவுக்குத் திரும்பினாரு. 1919-ல கைசருக்குப் பதிலா என்னை விசாரிங்கன்னு நேச நாடுகளுக்கு எழுதினாரு, யாரும் கண்டுக்கல. 1921 ஜனவரி தொடக்கத்துல இறந்தாரு, ஒண்ணாம் தேதியா ரெண்டாம் தேதியான்னு புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அவரு ஆண்ட ஓபர்பார்னிம் க்ரைஸையே கிழக்கு ஜெர்மனி 1952-ல கலைச்சுடுச்சு. லாண்ட்ராட் பதவி மட்டும் இன்னும் இருக்கு, இப்ப பல மாநிலத்துல மக்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, ஜெர்மனில சின்ன ஊர்ல இருக்கற நம்ம ஆளுங்க விசா நீட்டிக்கவும் கார் பதிவு பண்ணவும் வரிசைல நிக்கற ஆபீஸ் அநேகமா அவரோடதுதான்.

அப்புறம் ஒரு கதை, இதை சந்தேகப் பட்டியல்ல வச்சுக்கோங்க, மகன் பின்னாடி சொன்னதா வர்றது. போருக்கு முன்னாடி பண்ணைல புதுசா மரம் நடலாமான்னு பேச்சு வந்தப்ப பெத்மான் வேண்டாம்னாராம், எப்படியும் கொஞ்ச வருஷத்துல ரஷ்யாக்காரன் இங்க வந்துடுவான்னு. 1945-ல செஞ்சேனை ஓடரைத் தாண்டி அந்தப் பக்கமாத்தான் பெர்லினுக்குப் போச்சு, மாளிகை இப்ப இல்ல. நேர்ல பார்க்கணும்னா நீடர்ஃபினோ கப்பல் லிஃப்ட் வரைக்கும் போங்க, 1934-ல திறந்தது, சுற்றுலாக் கூட்டம் எல்லாம் அங்கதான், அங்கேருந்து மேட்டுல ஏறினா ஹோஹன்ஃபினோ, கல்லறைத் தோட்டத்துல அவரு கல்லு இருக்கு.